ஆறு பெட்டைக்கு நாலு சேவல்: எதை அனுப்புவது?

மூணு சேவலை அனுப்பிருங்க. எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவலே போதும். பெட்டைக முதுகுல இறகு உதிர்ந்து தோல் சிவந்திருக்குன்னு எழுதியிருக்கீங்க. சேவலுக இணைசேர மாத்தி மாத்தி மிதிக்கிறதுதான் காரணமா இருக்கும். ராத்திரி டார்ச் அடிச்சு இறகடியைப் பாருங்க. செள்ளு ஊர்ந்தா அதுக்கு வைத்தியம் வேற.

காங்கேயம் பக்கம்னா சந்தையில முகந்தெரியாதவங்களுக்கு வித்துராதீங்க, பாவம், கத்தி கட்டிச் சேவல் சண்டைக்கு விட்டுருவாங்க. சேவல் இல்லாத தோட்டத்துக்காரங்களா பார்த்துக் குடுங்க.

அடுத்த குஞ்சு வாங்கறதுக்கு முந்தி கொடாப்பை, அதான் கோழிக்கூட்டைக் கட்டிருங்க. ராத்திரிக்குப் பஞ்சாரம், அதான் கவுத்து மூடுற கூடை, பத்தாது, நாய் கவுத்துரும். கோழி ஒண்ணுக்கு ரெண்டு சதுர அடி இடம், கீரி நுழையாத அரை அங்குலக் கம்பிவலை, ஏறி உட்காரக் குச்சி. சேவல், பெட்டைன்னு பிரிக்காம வாங்குற குஞ்சுல பாதி சேவலாத்தான் வரும், அதுக்கும் இப்பவே இடம் பார்த்து வைங்க.