கோகோ வெண்ணெய் மணல் மணலாகிவிட்டதா? எறியாதீர்கள்

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் டர்பன், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். ஜோகன்னஸ்பர்க்கில் முழுகாமல் இருக்கும் மகளுக்காக வாங்கிய கோகோ வெண்ணெய்க் கட்டி காரிலேயே உருகிப் போனது. திரும்ப இறுகியதும் மேலே வெள்ளை பூத்திருக்கிறது, தேய்த்தால் நறநறவென்கிறது. கெட்டுவிட்டதா? வயிற்றில் கோடு விழாமலிருக்க அவள் இதைப் பூசலாமா?

பதில்: கெடவில்லை அம்மா. இந்தக் கொழுப்பு ஆறு விதமான படிகங்களாக உறையக்கூடியது. நல்ல கட்டியில் இருக்கும் படிகம் 34 டிகிரி வாக்கில் இளகும். அதனால்தான் அலமாரியில் கல்லாக இருப்பது உள்ளங்கையில் வழுக்குகிறது. பிப்ரவரிக் கோடை வெயிலில் பூட்டிய கார் அந்தச் சூட்டைச் சுலபமாகத் தாண்டிவிடும். உருகியது மெல்ல ஆறும்போது படிகங்கள் சிறிதும் பெரிதுமாக வளர்கின்றன, அதுதான் அந்த நறநறப்பு. பழைய சாக்லேட்டில் சாம்பல் பூப்பதும் இதனால்தான். சிக்கெண்ணெய் வாடை அடித்தால் மட்டும் எறியுங்கள்.

சரிசெய்வது எளிது. கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணத்தை வைத்து, சின்னக் கட்டிகூட மிஞ்சாமல் முழுக்க உருக்குங்கள். ஒரு சொட்டுத் தண்ணீரும் உள்ளே விழக்கூடாது. உருகியதும் அப்படியே ஃப்ரிட்ஜில் வையுங்கள்; சட்டென்று குளிர்ந்தால் மழமழவென்று வரும். உருக்கும்போதே எண்ணெய் சேர்த்தால் பூசவும் வசதி. உங்கள் ஊர்ப் புழுக்கத்துக்கு 50 கிராமுக்கு இரண்டு தேக்கரண்டி சூரியகாந்தி எண்ணெய் போதும். ஜோகன்னஸ்பர்க்கின் ஜூன், ஜூலை வறட்டுக் குளிருக்கு எண்ணெயை இரண்டு மடங்காக்குங்கள், இல்லாவிட்டால் தோண்டி எடுக்கவே கரண்டி வேண்டியிருக்கும்.

வயிற்றுக் கோடு விஷயத்தில் டப்பா சொல்வதை நம்பவேண்டாம். லெபனானிலும் ஜமைக்காவிலும் கர்ப்பிணிகளில் ஒரு சாராருக்குக் கோகோ வெண்ணெய்க் களிம்பும், மற்றவர்களுக்கு அது இல்லாத வெறும் களிம்பும் கொடுத்துப் பார்த்தார்கள். கோடு விழுவதில் வித்தியாசமே இல்லை. ஆனால் வயிறு இழுபடும்போது வரும் வறட்சிக்கும் அரிப்புக்கும் இதமாக இருக்கும், தாராளமாகப் பூசட்டும். அரிப்பு பொறுக்கமுடியாமல் போனாலோ, உள்ளங்கை, உள்ளங்காலில் வந்தாலோ களிம்பைத் தேடாமல் அன்றே கிளினிக்குக்குப் போகவேண்டும். ஈரல் கோளாறாக இருக்கலாம்.

இது தோலுக்குள் தண்ணீரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை, இருக்கும் ஈரத்தை மூடிவைக்கிறது. ஆகவே குளித்துத் துவட்டி, உடம்பு ஈரப்பதமாக இருக்கும்போதே பூசவேண்டும். குதிகால் வெடிப்புக்கு இரவில் தடவி, சாக்ஸ் போட்டுக்கொண்டு படுக்கலாம். உதட்டுக்கும் முழங்கைக்கும் நல்லது. பரு வரும் முகத்துக்கு ஆகாது, துவாரத்தை அடைக்கும். கரும்புள்ளி போகும், நிறம் வெளுக்கும் என்பதெல்லாம் கடைக்காரர் பேச்சு. வெளுப்பு ஆசையில் தோல் புண்ணானவர்களைப் பார்த்த பிறகுதான் இந்த நாடே 1990இல், தோலை வெளுக்கவைக்கும் ரசாயனமான ஹைட்ரோகுவினோன் கலந்த களிம்புகளுக்குத் தடை போட்டது.

மீதியைச் சமையலுக்கு எடுக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். அழகுப்பொருளாக விற்ற கட்டி என்றால் வேண்டாம். சாக்லேட் செய்ய உணவுத்தரம் என்று அச்சிட்டதையே வாங்குங்கள்.