பத்தாயிரம் பேருக்கு மேல் இருந்தும் கிரான்லி ஏன் இன்னும் கிராமம்?

இங்கிலாந்தில் ஊரைக் கிராமம், நகரம் என்று பிரிக்க மக்கள்தொகை வரம்பு கிடையாது. 1972-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டப்படி, ஒரு பாரிஷ் கவுன்சில் (ஊர் அளவிலான உள்ளாட்சி மன்றம்) தீர்மானம் போட்டாலே நகரக் கவுன்சில் ஆகிவிடலாம். சர்ரே மாவட்டத்தின் கிரான்லி அப்படிச் செய்யவில்லை. 11,000 பேருக்கு மேல் இருந்தும், இங்கிலாந்தின் மிகப் பெரிய கிராமம் என்ற பெயரைத்தான் சொல்லிக்கொள்கிறது. இதே பெருமையை வேறு சில ஊர்களும் கோருகின்றன, அது தனிச் சண்டை.

என்னைக் கேட்டால், கிரான்லியின் உண்மையான பெருமை அதன் மருத்துவமனைதான். அந்தக் காலத்தில் கிராமத்து ஏழைக்குப் பெரிய காயம்பட்டால் தொலைவிலுள்ள மருத்துவமனைக்குக் குலுங்கும் வண்டியில் போக வேண்டும். 1859-இல் ஆல்பர்ட் நேப்பர் என்ற மருத்துவர், ஊர்ப் பாதிரியாரின் உதவியோடு, ஒரு பழைய குடிசை வீட்டிலேயே சில படுக்கைகளைப் போட்டுச் சிகிச்சை தொடங்கினார். நோயாளிகள் முடிந்த சிறு தொகையைக் கொடுத்தார்கள். இதைப் பார்த்து நாடு முழுக்கச் சிறு கிராம மருத்துவமனைகள் முளைத்தன. எவ்வளவு நல்ல காரியம்!

1865-இல் ரயில் வந்தது, ஊர் வளர்ந்தது. சரியாக நூறு ஆண்டில், 1965-இல், பாதையை மூடிவிட்டார்கள். அது பெரிய இழப்பு. இன்று பக்கத்து நகரமான கில்ட்ஃபோர்டு போகப் பஸ் அல்லது கார்தான். அப்புறம், பழைய தண்டவாளப் பாதையில் இப்போது நடக்கிறார்கள், சைக்கிள் ஓட்டுகிறார்கள். கோடையில் ஊர்ப் பொதுவெளியில் கிரிக்கெட் நடக்கும்.