கிரா கால்வாய்க் கரையில் நிலம்: முன்பணம் கொடுக்கலாமா?

கேள்வி: என் கணவர் மலேசியாவில், நெகிரி செம்பிலானின் பகாவ் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். தெற்குத் தாய்லாந்தில் இரண்டு கடலையும் இணைத்துக் ‘கிரா கால்வாய்’ வெட்டப்போகிறார்கள் என்று ஓர் ஏஜெண்டு கிராபியிலிருந்து சொங்க்லா வரை கோடு போட்ட வரைபடத்தைக் காட்டுகிறார். “உங்கள் ஊர்ப் பழைய படகுவழி பெனாரிக்கான் மாதிரிதான், இது பெரியது” என்கிறார். கரையோர நிலத்துக்குச் சேமநிதியிலிருந்து 30,000 வெள்ளி (ரிங்கிட்) கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள், அம்மா. அந்தக் கால்வாய்க்கு இன்றுவரை ஒரு கூடை மண்கூட அள்ளவில்லை. 1677இல் நாராய் மன்னர் பிரெஞ்சுப் பொறியாளரை அனுப்பிப் பார்த்த காலத்திலிருந்து இது பேச்சாகவே இருக்கிறது. அண்மையில் தாய்லாந்து அரசு பேசிவருவது சும்போனிலும் ரானோங்கிலும் துறைமுகம் கட்டி, இடையே சுமார் 90 கிலோமீட்டருக்குச் சாலையும் ரயில் பாதையும் போடும் திட்டம். அதில் கப்பல் போக வழியே கிடையாது. இடமும் உங்கள் வரைபடத்துக்கு வெகு வடக்கே இருக்கிறது. அந்தச் செய்தியைக் காட்டி இந்த நிலத்தை விற்கிறார்கள்.

பெனாரிக்கானோடு ஒப்பிடுவதும் சரியல்ல. அங்கே அந்தக் காலத்தில் ஜெம்போல் ஆற்றுக்கும் செர்த்திங் ஆற்றுக்கும் இடையே படகைச் சிறிது தூரம் தரையில் இழுத்தால் போதும். மூவார் ஆற்று வழியாக வந்தவர் பகாங் ஆற்று வழியாகக் கிழக்குக் கடலுக்குப் போய்விடலாம். கிராவில் கால்வாய் வெட்டினாலும், மலாக்கா நீரிணை வழியைவிடக் கப்பலுக்கு மிச்சமாவது ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர், இரண்டு மூன்று நாள். மலாக்கா நீரிணையில் சும்மா போகிற கப்பல், அதற்காகச் சுங்கம் கட்டி ஊர்ந்து போகுமா? பனாமாவின் கதை வேறு. நியூயார்க்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போகும் கப்பலுக்கு அது 12,000 கிலோமீட்டருக்கு மேல் மிச்சப்படுத்துகிறது. அங்கேயே 1881இல் வேலை தொடங்கிய பிரெஞ்சு நிறுவனம் 1889இல் நொடித்து, லட்சக்கணக்கான சிறு சேமிப்பாளர்களின் பணம் போனது. 1914இல் அமெரிக்கர்கள் கால்வாயைத் திறந்தபோது அந்தப் பணம் திரும்பவில்லை.

அடுத்தது நிலம். தாய்லாந்தில் வெளிநாட்டவர் தம் பெயரில் நிலம் வாங்க முடியாது. “உள்ளூர்க்காரர் பெயரில் வாங்கி வைக்கிறேன்” என்பார்கள். பெரிய பொறி இதுதான். பினாமி அங்கே குற்றம். நிலம் அந்த ஆளுக்கு, வெள்ளி ஏஜெண்டுக்கு, வழக்கு உங்களுக்கு.

குத்தகை மட்டும் எடுக்கலாம். அதையும் கவனமாகக் கேளுங்கள். அதிகபட்சம் 30 ஆண்டு. மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகையை அந்நாட்டு நில அலுவலகத்தில் பதிய வேண்டும்; பதியாவிட்டால் மூன்று ஆண்டுக்கு மேல் செல்லாது. வக்கீல் கையெழுத்தும் கம்பெனி முத்திரையும் பதிவு ஆகாது. “முப்பது, இன்னொரு முப்பது, மறுபடி முப்பது” என்று தொண்ணூறு ஆண்டு கணக்குச் சொன்னால் நம்பாதீர்கள். புதுப்பிப்பு தானாக வராது. எல்லாம் முறையாக இருந்தாலும், விலை ஏறினால் அந்த லாபம் நிலத்துக்குச் சொந்தக்காரருக்குத்தான்.

ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால், தாமதிக்காமல் 997 என்ற மோசடிப் புகார் எண்ணை அழையுங்கள். தாமதித்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்: ஒரு முகப்பில் கேட்டால் அடுத்த முகப்பைக் கைகாட்டுவார்கள், அதற்குள் பணம் நாலு கணக்கு தாண்டியிருக்கும். ஓய்வுக்காலப் பணத்தை வாங்கும் இடத்திலேயே தமிழில் ஓர் எச்சரிக்கைத் தாள் கொடுக்க அதிகாரிகளுக்கு என்ன தடை? தோட்டத்தில் முதுகு ஒடிய உழைத்தவர், இணையத்தில் எங்கோ கிடக்கும் எச்சரிக்கைப் பட்டியலைத் தேடிப் போவாரா?

ஏஜெண்டு தந்த வங்கிக் கணக்கு எண்ணைப் மோசடிப் புகார் வந்த கணக்குகளைக் காட்டும் போலீசின் ‘செமாக் மியூல்’ தளத்தில் பிள்ளைகளை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். புகார் ஏதும் காட்டாவிட்டாலும் பணம் கொடுக்காதீர்கள். புதிதாகத் திறந்த கணக்கின்மேல் இன்னும் யாரும் புகார் கொடுத்திருக்க மாட்டார்கள்.