எந்த டிகிரி? வெப்பமானி வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: பழம்பொருள் சந்தையில் மரப்பலகை வெப்பமானி ஒன்றை 35 யூரோவுக்கு வாங்கினேன். இடப்பக்கம் 'ஆர்', வலப்பக்கம் 'சி' என்று எழுதியிருக்கிறது. ஒரே அறையில் ஒரு பக்கம் 16, மறுபக்கம் 20 காட்டுகிறது. பழுதான பொருளைத் தலையில் கட்டிவிட்டார்களா? (பாரிஸ்)

பதில்: இல்லை, சரியாகத்தான் காட்டுகிறது. 'ஆர்' என்பது ரெயோமூர் அளவு. அதில் பனி உருகுவது 0, நீர் கொதிப்பது 80. செல்சியஸில் அதே இடைவெளி 100 பங்கு. எனவே ரெயோமூரை 1.25-ஆல் பெருக்கினால் செல்சியஸ் வரும், செல்சியஸை 0.8-ஆல் பெருக்கினால் ரெயோமூர். 16-ஐ 1.25-ஆல் பெருக்கிப் பாருங்கள், 20. இரண்டுக்கும் பூஜ்யம் ஒரே இடம் என்பதால் கூட்டல், கழித்தல் எதுவும் வேண்டாம். பாரன்ஹீட் வேண்டுமானால் ரெயோமூரை 2.25-ஆல் பெருக்கி 32 கூட்டுங்கள்: 68.

இரு பக்கமும் ஒத்துப்போவதால் அளவுக்கோடுகள் சரி என்பது மட்டும் தெரியும். கண்ணாடிக் குழாய் பலகையில் நழுவியிருந்தால் இரண்டு பக்கமும் சேர்ந்தே பொய் சொல்லும். அதற்குப் பனிக்கட்டிச் சோதனை உண்டு. ஒரு டம்ளர் நிறைய நொறுக்கிய பனிக்கட்டி போட்டு, இடைவெளி நிரம்பும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றி, கிளறி, குழாயின் அடியில் உள்ள குமிழை நடுவில் வையுங்கள். பலகை நனையக்கூடாது, குமிழ் டம்ளரின் அடியையோ பக்கத்தையோ தொடக்கூடாது. ஐந்து நிமிடம் கழித்து 0-வில் நிற்க வேண்டும். பனிக்கட்டியிலேயே 3 டிகிரி காட்டும் சமையல் வெப்பமானி ஒன்றைச் சோதிக்காமல் வாங்கிவிட்டு வைத்திருக்கிறேன், வற்புறுத்துவது அதனால்தான்.

குழாயில் இருப்பது சிவப்பு அல்லது நீலத் திரவம் என்றால் சாராயம். வெள்ளி நிறம் என்றால் பாதரசம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் மாட்டாதீர்கள். திரவம் இடையில் அறுந்து துண்டாக நின்றால், குமிழைத் தீயில் காட்டிச் சேர்க்கப் பார்க்க வேண்டாம், வெடிக்கும். சாராயக் குழாய் என்றால் குமிழை உப்புக் கலந்த பனிக்கட்டியில் வைத்து, திரவம் முழுவதும் கீழே இறங்கியபின் மெதுவாக அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள்.

கேள்வி: பக்கத்து வீட்டு மூதாட்டி தந்த பழைய பாலாடைக்கட்டிக் குறிப்பில் 'பாலை 28 டிகிரிக்குக் கொண்டுவந்து ரென்னட் சேர்க்கவும்' என்றிருக்கிறது. மூன்று கடைகளில் ரென்னட் (பாலை உறையவைக்கும் பொருள்) வாங்கிவிட்டேன். எதுவும் சரியாக உறையவில்லை. மூன்றும் போலி என்று புகார் எழுதியிருக்கிறேன். (பெர்ன்)

பதில்: புகாரைத் திரும்பப் பெறுங்கள். முதல் புட்டி தோற்றபோதே குறிப்பை ஒருமுறை சந்தேகித்திருக்க வேண்டாமா? கடையை மூன்று முறை மாற்றினீர்கள், வெப்பத்தை ஒருமுறைகூட மாற்றிப் பார்க்கவில்லை. சுவிட்சர்லாந்திலும் வட இத்தாலியிலும் பாலாடைக்கட்டி செய்பவர்களிடம் ரெயோமூர் அளவு நெடுங்காலம் புழங்கியது. 28 ரெயோமூர் என்பது 35 செல்சியஸ். 28 செல்சியஸில் ரென்னட் வேலை செய்யும், ஆனால் மந்தமாக. கட்டி இளகலாக நின்று, கத்தி வைத்ததும் உடையும். நீங்கள் பார்த்தது அதைத்தான்.

பழைய குறிப்பைச் சோதிக்க ஒரு வழி. அதே தாளில் கட்டியைக் கடைசியாகச் சூடாக்கும் எண்ணையும் பாருங்கள். பார்மிஜானோ போன்ற கெட்டி வகைக்கு அது 44 என்றிருந்தால் ரெயோமூர்தான், ஏனென்றால் அந்த வகைக்கு வேண்டியது 55 செல்சியஸ். ஒரே ஓர் எண்ணை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

கேள்வி: 6500 கே என்று போட்ட பல்ப் வாங்கினால் அறை சூடாகுமா? 2700 கே வாங்குவது நல்லதா? (திருச்சி)

பதில்: 'கே' என்பது கெல்வின் என்ற வெப்பநிலை அளவு. இங்கே அது காட்டுவது வெளிச்சத்தின் நிறம், பல்பின் சூடு அல்ல. படுக்கையறைக்கு 2700.

கேள்வி: குளிர்சாதனப் பெட்டிக்கு அலாரம் வைத்த வெப்பமானி வாங்கினேன். கையேட்டில் 'பிழை ± 1 டிகிரி செல்சியஸ் (33.8 பாரன்ஹீட்)' என்றிருக்கிறது. பாரன்ஹீட்டில் வைத்தால் இவ்வளவு மோசமாகக் காட்டுமா? (கோவை)

பதில்: காட்டாது. கருவி ஒழுங்கானது, கையேடு எழுதியவர் கணக்கில் தவறிவிட்டார். இந்தத் தவறைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது, ஏனென்றால் நான் வாங்கிய இரண்டு கருவிகளின் கையேட்டிலும் இதே பிழை இருக்கிறது.

வெப்பநிலை வேறு, வெப்பநிலை வேறுபாடு வேறு. 'இப்போது 1 டிகிரி' என்பதை மாற்ற 1.8-ஆல் பெருக்கி 32 கூட்ட வேண்டும், 33.8 வரும். அந்த 32 எதற்கு? பாரன்ஹீட்டின் பூஜ்யம் பனி உருகும் புள்ளிக்கு 32 டிகிரி கீழே இருப்பதால். '1 டிகிரி கூடியது', '1 டிகிரி பிழை' என்னும்போது ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கிறோம். இரண்டிலும் இருக்கும் 32 அடிபட்டுப் போகும். 1.8 மட்டும்தான் மிச்சம். உங்கள் கருவியின் பிழை ± 1.8 பாரன்ஹீட்.

அச்சுப்பிழைதானே என்று விடமுடியாது. பெட்டியை 4 செல்சியஸில், அதாவது 39.2 பாரன்ஹீட்டில் வைத்திருக்கிறீர்கள். 3 டிகிரி ஏறினால் அலாரம் அடிக்க வேண்டும். சரியான கணக்கில் 5.4 கூட்டி 44.6 பாரன்ஹீட்டில் அடிக்கும். அது 7 செல்சியஸ். கையேட்டுக் கணக்கில் 37.4 கூட்டினால் 76.6-இல்தான் அடிக்கும். அது கிட்டத்தட்ட 25 செல்சியஸ். உள்ளே இருக்கும் பாலும் மீனும் கெட்டு, மருந்தும் வீணான பிறகு அடிக்கும் அலாரம் யாருக்கு? செல்சியஸிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கெல்வினுக்கு மாற்றும்போதும் இதே கவனம் வேண்டும்: செல்சியஸ் வெப்பநிலைக்கு 273.15 கூட்ட வேண்டும், வேறுபாட்டுக்கு எதுவும் கூட்ட வேண்டாம்.

கேள்வி: கொதிக்கும் நீரில் 93 காட்டியதால் இரண்டு வெப்பமானிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நல்ல கம்பெனி எது? (கொடைக்கானல்)

பதில்: உங்கள் ஊர் 2,100 மீட்டர் உயரம். அங்கே நீர் 93-இல்தான் கொதிக்கும். கடைக்காரரிடம் வருத்தம் தெரிவித்துவிட்டு, இரண்டில் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஓய்வூதியப் பணத்தில் 18,000 ரூபாய் கொடுத்து '1790-இல் செய்த பித்தளை வெப்பமானி' ஒன்றை இணையத்தில் வாங்கினேன். ரெயோமூர், பாரன்ஹீட், 'கே' என்று மூன்று அளவுகள் பொறித்திருக்கின்றன. உறவினர் போலி என்கிறார். விற்றவர் பதில் சொல்வதில்லை. (சென்னை)

பதில்: ஐயா, உறவினர் சொல்வது சரி. உங்கள் மேல் தவறில்லை. விற்றவர் ஆண்டைச் சொல்லி ஏமாற்றியிருக்கிறார். 'கே' என்பது கெல்வின். வில்லியம் தாம்சன் தனி வெப்பநிலை அளவை முன்வைத்தது 1848-இல். கெல்வின் பிரபு என்ற பட்டம் அவருக்குக் கிடைத்தது 1892-இல். 1790-இல் செய்த பித்தளையில் அந்த எழுத்து இருக்க வழியில்லை. வல்லுநர் சான்று தேடி அலைய வேண்டாம், பொருளே சாட்சி.

விளம்பரப் பக்கம் அழிவதற்குள் படம் பிடியுங்கள். '1790' என்ற சொல் தெரிய வேண்டும். பணம் கட்டிய ரசீது, வந்த பெட்டியின் முகவரிச் சீட்டு, பொறித்த எழுத்தின் அண்மைப் படம், நீங்கள் அனுப்பிய செய்திகள் எல்லாம் ஒன்றாக இருக்கட்டும். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். பலனில்லையென்றால் சென்னையிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடரலாம். 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கும் இடத்தில் தொடர உரிமை உண்டு. 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் செய்ய வேண்டும். பித்தளையை மெருகேற்றாதீர்கள், இருக்கிறபடியே இருக்கட்டும்.

கேள்வி: சென்டிகிரேடு என்று எழுதியது நல்லதா, செல்சியஸ் என்று எழுதியதா? (யாழ்ப்பாணம்)

பதில்: இரண்டும் ஒன்றே. 1948-இல் பெயர் மட்டும் மாறியது.

கேள்வி: 18-ஆம் நூற்றாண்டு வானிலைக் குறிப்புகளைப் படிக்கிறேன். எல்லாப் பழைய அளவுகளையும் மாற்றித் தரும் செயலி 399 ரூபாய். வாங்கலாமா? (மதுரை)

பதில்: வேண்டாம். பெருக்கலுக்குப் பணம் எதற்கு? தெலீல் அளவில் நீர் கொதிப்பது 0, உறைவது 150. எண் ஏறினால் குளிர் என்று பொருள். எண்ணை மூன்றில் இரண்டால் பெருக்கி, 100-இலிருந்து கழியுங்கள். 135 தெலீல் என்றால் 10 செல்சியஸ்.

செயலி ஏமாற்றும் இடம் ரெயோமூர்தான். 1730-களில் ரெயோமூர் செய்த கருவி சாராயத்தால் ஆனது. பாதரசமும் கொதிநீரில் சரியாக 80-உம் பின்னால் நிலைபெற்றவை. சாராயம் எல்லா வெப்பத்திலும் ஒரே சீராக விரிவதில்லை என்பதால், தொடக்ககாலக் கருவியின் எண்ணை 1.25-ஆல் பெருக்கினால் கிடைப்பது உண்மையான செல்சியஸ் ஆகாது. குறிப்பேட்டில் மூல எண்ணை அப்படியே எழுதுங்கள். பக்கத்தில் கருவி சாராயமா பாதரசமா, எந்த ஆண்டு என்று குறியுங்கள். மாற்றிய எண்ணை மூன்றாவது பத்தியில், பென்சிலில்.