சங்கம் பாக்கிக்கும் கல்யாண ஓலைக்கும் என்ன தொடர்பு?

தம்பி, அப்பா இறந்தபின் நாலு வருஷமாக ஊர்க் கிறிஸ்தவ சபைக்குச் சங்கம், அதாவது சபைச் சந்தா, கட்டவில்லை, இப்போது தங்கை கல்யாணத்துக்கு ஓலை, அதாவது ஆராதனையில் சொல்லும் கல்யாண அறிவிப்பு, வாசிக்கக் கேட்டால் பாக்கியைக் கட்டச் சொல்கிறார்கள், இது நியாயமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் ஐயரை, அதாவது சபைப் போதகரை, நேரில் பாருங்கள். போனில் பேசினால் வேகாது. சங்க நோட்டில் குடும்பம் இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கும். அதை உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள். ஒரே தடவையில் முடியாவிட்டால், வீட்டு நிலைமையைச் சொல்லி இரண்டு தவணை கேளுங்கள். எது கொடுத்தாலும் ரசீது வாங்காமல் வராதீர்கள். சபைத் தேர்தலில் உங்களுக்கு ஓட்டு உண்டா என்ற கேள்வி வந்தால் அதுதான் பேசும்.

பணம் இல்லை என்பதற்காக ஒரு பெண்ணின் ஓலையை நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதை மரியாதையாக, ஆனால் தெளிவாகச் சொல்லுங்கள்.

அதே நேரம், சங்கத்தை அபராதம் மாதிரி நினைக்க வேண்டாம். எங்கள் அம்மா உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை அள்ளித் தனிப்பானையில் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும். ஆராதனை முடிந்ததும் முதல் காய்த்த முருங்கைக்காய், கோழிமுட்டை எல்லாம் வாசலில் ஏலம் போகும். ஒரு முட்டையை மூன்று மடங்கு விலைக்கு எடுப்பார்கள். 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் என்ற ஊழிய அமைப்பு தொடங்கியதும், தெலுங்கு நாட்டு தோர்ணக்கல்லுக்கு ஊழியர் போனதும் நம் மக்கள் காணிக்கையில்தான்.

ஓலை மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும். நாளை எண்ணிக்கொண்டு இந்த வாரமே ஊருக்குக் கிளம்புங்கள்.