பத்து நிமிடம் உட்காராத பிள்ளைகளுக்கு மூன்று நாள் மௌனமா?

கேள்வி: ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் பக்கத்துக் கடற்கரை ஊரில் மறைக்கல்வி எடுக்கிறேன். எங்கள் பங்கு இளைஞர் குழுவில் 26 பேர். பாதிப் பேர் கல்லூரி, நர்சிங், ஐ.டி.ஐ. என்று படிக்கிறார்கள், மீதிப் பேர் கடலுக்குப் போகிறவர்கள். மீன்பிடித் தடைக்காலத்தில் மூன்று நாள் மௌனத் தியானம் வைக்கலாம் என்று பங்குத்தந்தையிடம் பேசி, பந்தல், மைக் செட் வரைக்கும் சொல்லிவிட்டோம். ஆனால் பிள்ளைகளால் பத்து நிமிடம் சும்மா உட்கார முடியவில்லை. “கண்ணை மூடி மூச்சைக் கவனிப்பதெல்லாம் நம்ம வேதத்தில் உண்டா?” என்று பெரியவர்கள் வேறு கேட்கிறார்கள். எப்படித் தொடங்குவது?

பதில்: ‘தியானம்’ என்ற சொல்லில்தான் பாதிக் குழப்பம், சகோதரி. நம் ஊர்களில் தியானம் என்றால் பிரசங்கம், பாட்டு, கைதட்டல், சாட்சி, கடைசி நாள் சாப்பாடு. அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் பழைய தலைமுறை ‘ஞான ஒடுக்கம்’ என்று சொன்னது வேறு. நண்டு வளைக்குள் போவது போல மனுஷன் கொஞ்ச நேரம் உள்ளே ஒடுங்குவது. நீங்கள் கேட்பது இந்த இரண்டாவது வகை. இதற்கு இந்த வருடம் மூன்று நாள் வேண்டாம். ஒரே நாள் போதும், அதுவும் அரை நாள். அதற்கு முந்தி ஆறு வாரம், தினம் பத்து நிமிடம்.

பெரியவர்களுக்குச் சொல்ல உங்களிடம் பதில் இருக்கிறது. இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் ‘ஆன்மீகப் பயிற்சிகள்’ 1548இல் திருத்தந்தை மூன்றாம் பவுலின் ஒப்புதல் பெற்ற நூல். அதில் செபிக்கும் மூன்று முறைகளைச் சொல்கிறார். மூன்றாவது, இயேசு கற்றுத்தந்த ‘பரலோக மந்திரத்தை’ ஒரு மூச்சுக்கு ஒரு சொல்லாகச் சொல்வது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில், அந்தச் சொல்லிலோ, யாரிடம் பேசுகிறோமோ அவர்மேலோ மனதை வைப்பது. கீழைத் திருச்சபைத் துறவிகள் இயேசுவின் பெயரை மூச்சோடு சேர்த்துச் சொல்லி வந்ததும் பழைய வழக்கம்தான். வித்தியாசம் ஒன்றே ஒன்று: மனதைக் காலியாக்குவது இங்கே நோக்கமில்லை. எதிரே ஒருவர் இருக்கிறார், அவர் முன்னால் இருப்பதுதான் செபம்.

இனி அந்தப் பத்து நிமிடம். ‘அசையாமல் உட்கார்’ என்று ஆரம்பித்தால் தோற்றீர்கள். கோயில் சுவரிலோ, கவிழ்த்துப் போட்ட வள்ளத்திலோ முதுகைச் சாய்த்து உட்காரச் சொல்லுங்கள். முதல் இரண்டு நிமிடம் காதுக்கு: அலை, காக்கா, தூரத்து மோட்டார் சத்தம், எதையும் விரட்ட வேண்டாம். கச்சான் காற்று அடிக்கிற நாளாக இருந்தால் அது ஒன்றே போதும். அப்புறம் மூச்சுக்கு ஒரு சொல்லாக மந்திரம். ‘விண்ணுலகில் இருக்கிற’ என்பதோடு பத்து நிமிடமும் முடிந்தால் முடியட்டும். மனம் எங்கேயோ போகும், போனது தெரிந்ததும் திரும்பி வந்தால் சரி. ஐம்பது தடவை போனால் ஐம்பது தடவை திரும்புவதுதான் அன்றைய செபம்.

கடலுக்குப் போகிற பையன்களுக்கு இது வராது என்று நினைக்காதீர்கள். வலையைப் போட்டுவிட்டு இருட்டில் பேசாமல் காத்திருந்து பழகியவர்கள் அவர்கள். என் அனுபவத்தில் கல்லூரிப் பிள்ளைகளைவிட அவர்கள்தான் சீக்கிரம் அமைதியாகிறார்கள். அதைச் செபம் என்று அவர்களிடம் யாரும் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

தடைக்காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாளும் எல்லாரும் சும்மா இருப்பதாக நினைத்து நிறையப் பேர் திட்டம் போடுகிறார்கள். தடை விசைப்படகுக்குத்தான், நாட்டுப்படகு போய்க்கொண்டுதான் இருக்கும். விசைப்படகுப் பையன்களும் படகைக் கரையேற்றி மராமத்து, பெயிண்ட் என்று நிற்பார்கள், சிலர் கேரளாவுக்கு வேலைக்குப் போயிருப்பார்கள். மூன்று நாளைக்குத் தொடர்ந்து ஆள் சேராது. மே நடுவில் ஒரு ஞாயிறு, காலைப் பூசை முடிந்த கையோடு தொடங்கி ஒரு மணிக்குள் முடித்துவிடுங்கள். அதற்கு மேல் பந்தலுக்குள் அனல்தான்.

அன்றைக்கு ஒரே ஒரு வேதபாகம், யோவான் 21. இரவெல்லாம் மீன்பாடு இல்லாமல் விடியலில் திரும்புகிற ஏழு பேர், கரையில் நிற்கிற ஒருவர், கரி நெருப்பில் மீன். விளக்கவுரை வேண்டாம். மெதுவாக மூன்று தடவை வாசியுங்கள், ஒவ்வொரு வாசிப்புக்குப் பிறகும் கால் மணி நேரம் தனித்தனியாக விடுங்கள். முதல் தடவை எந்தச் சொல் மனதில் ஒட்டுகிறது, இரண்டாம் தடவை அந்தக் கரையில் நான் எங்கே நிற்கிறேன், மூன்றாம் தடவை அவரிடம் என்ன சொல்ல வேண்டும். அப்புறம் ஒன்றுமே இல்லாத கால் மணி நேரம். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் கீகோ என்ற துறவி எழுதிய நான்கு படிகளும் இவைதான்: வாசிப்பு, தியானிப்பு, மன்றாட்டு, கடைசியில் பேச்சில்லாத ஆழ்நிலை செபம். யோவான் நற்செய்தியில் கரி நெருப்பு இதற்கு முன்னால் ஒரே இடத்தில்தான் வருகிறது, பேதுரு இயேசுவை மறுதலித்த முற்றத்தில். அதை நீங்களாகச் சொல்லாதீர்கள். யாராவது ஒரு பிள்ளை கண்டுபிடிக்கும். சொல்லிக்கொடுத்து வருவதற்கும் தானாக வருவதற்கும் வித்தியாசம் அந்த முகத்தில் தெரியும்.

யாராவது தூங்கிவிட்டால் எழுப்ப வேண்டாம். புனித குழந்தை தெரேசம்மாளே செப நேரத்தில் தூங்கிவிடுவதைத் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். பெற்றோருக்குப் பிள்ளை விழித்திருந்தாலும் தூங்கினாலும் ஒரே பிரியம்தானே என்று சமாதானமும் சொல்லிக்கொள்கிறார்.

மற்றதில் எதை விட்டாலும் இதை விடாதீர்கள். பல வருடம் முன்பு, ஒரு கடற்கரை ஊரில், நான் ஆர்வக்கோளாறில் இரண்டு நாள் முழு மௌனம் வைத்தேன். போன்களை எல்லாம் வாங்கிப் பையில் கட்டிவைத்தேன். முதல் நாள் இரவு ஒரு பெண் தேம்பித் தேம்பி அழுதாள். “எங்கப்பா போய் ஏழு மாசம் ஆச்சு சிஸ்டர், இன்னும் உடம்பு கிடைக்கல” என்றாள். வீட்டுச் சத்தத்தில் அவள் அடக்கி வைத்திருந்ததை என் மௌனம் திறந்துவிட்டது. பேச வேண்டிய பிள்ளையை நான் பேசாதே என்று உட்கார வைத்திருந்தேன். இந்தக் கரையில் கடலில் போனவர்கள், இலங்கைச் சிறையில் இருப்பவர்கள் இல்லாத தெரு குறைவு. அதனால் ஆறு வாரத்துக்குள் ஒவ்வொருவரின் வீட்டு நிலைமையையும் தெரிந்துகொள்ளுங்கள். அன்று காது கொடுத்துக் கேட்க ஆணும் பெண்ணுமாக இரண்டு பெரியவர்கள் தனியே, ஆனால் எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் இருக்கட்டும். மனநல மருந்து சாப்பிடுகிற பிள்ளை இருந்தால் மருந்தை நிறுத்தக் கூடாது, மருத்துவர் சரி என்று சொல்லாமல் நீண்ட மௌனமும் வேண்டாம். போனைப் பிடுங்காதீர்கள். அப்பா கடலில் இருக்கிற பையனின் போன், சமையல் செய்கிற அக்கா கையில் சத்தத்தோடு இருக்கட்டும், அடித்தால் எடுத்துக் கொடுக்கட்டும்.

முடிவில் யாரையும் சாட்சி சொல்ல அழைக்க வேண்டாம். ‘என்ன கிடைத்தது?’ என்றும் கேட்க வேண்டாம். கஞ்சியும் மீனும் வையுங்கள், தானாகப் பேசுவார்கள். தொடர விரும்புகிற நாலைந்து பேர் இருப்பார்கள், அவர்களோடு வாரம் ஒரு நாள் உட்காருங்கள். வேலையை விட்டு வர முடியாதவர்களுக்காக, வீட்டிலிருந்தபடியே தினம் ஒன்றரை மணி நேரம் செய்யும் வழியையும் இஞ்ஞாசியார் எழுதி வைத்திருக்கிறார். நம் பிள்ளைகளுக்கு இப்போதைக்கு இருபது நிமிடம் போதும்.

பந்தல் இருக்கட்டும், நிழலுக்கு ஆகும். மைக் செட்காரரிடம் முன்பணம் கொடுத்திருந்தால் இப்போதே போய்ச் சொல்லிவிடுங்கள், திருவிழா நாள் கணக்கில் கழித்துக்கொள்வார்.