கணக்குப்பிள்ளைகளின் அரசு – கடிதமும் பதிலும்

ஐயா,

பாபிலோன் அரசர் ஹமுராபியின் சட்டக்கல் பற்றிய குறிப்பில், அவருக்கு மூன்று நூற்றாண்டு முன்பே இன்றைய இராக்கின் தெற்கில் இருந்த ஊர் நகரத்து அரசர்கள் சட்டம் எழுதிவிட்டார்கள், ஆனால் அந்த அரசு நூறு ஆண்டு சொச்சம்தான் தாங்கியது என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு இரண்டு கேள்விகள். சட்டம், பள்ளிக்கூடம், எடைக்கல், கணக்கு என்று எல்லாம் ஒழுங்காக வைத்திருந்த அரசு ஏன் அவ்வளவு சீக்கிரம் விழுந்தது? பள்ளியில் நாடோடிகள் படையெடுப்பு என்றார்கள். ஒரு காணொளியில் நிலத்தில் உப்பு ஏறியதுதான் காரணம் என்றார்கள். இரண்டாவது, அந்த நகரத்தின் பெயரே 'ஊர்' என்றிருக்கிறதே, அது நம் ஊர்தானே?

ம., தஞ்சாவூர்

அன்புள்ள ம.,

இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். இல்லாவிட்டால் அடுத்த பத்துக் கடிதங்களும் அதைப் பற்றியே வரும். அந்த நகரத்துக்காரர்கள் தங்கள் நகரத்தை 'உரிம்' என்றார்கள். அது தேய்ந்து 'ஊர்' ஆனது பிற்பாடுதான். காதில் விழும் ஒற்றுமைக்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

சரி, முதல் கேள்விக்கு வருவோம். நான் ஓய்வு பெறும்வரை கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருந்தவன். அதனால் எனக்கு ஊர் நகரத்து அரசர்களைவிட அவர்களுடைய குமாஸ்தாக்கள் மேல்தான் பிரியம். கி.மு. 2112 வாக்கில் ஊர்-நம்மு தொடங்கிய வம்சம் அது. கண்ணைக் குத்தினால் பதிலுக்குக் கண் என்று அவர் சட்டம் சொல்லவில்லை, அரை மினா வெள்ளி அபராதம் என்றது. பல் போனால் இரண்டு ஷெக்கல் (இரண்டும் வெள்ளியின் எடைகள், ஒரு மினா 60 ஷெக்கல்). அவர் மகன் ஷுல்கி 48 ஆண்டுகள் ஆண்டார். எடை, அளவு, எழுத்தர் பள்ளி எல்லாவற்றையும் ஒரு வரிசைக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். தனக்கு எழுதப் படிக்கத் தெரியும் என்று பெருமை பேசிய அரசர். கோயில் நகரமான நிப்பூரிலிருந்து ஊர் நகரத்துக்கு ஒரே நாளில் ஓடிப்போய்த் திரும்பினேன் என்றும் அவர் துதிப்பாடல் சொல்கிறது. போக ஒரு 150 கிலோமீட்டர், வர ஒரு 150. அரசர் சொன்னால் எழுத்தர் எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

நிப்பூருக்குப் பக்கத்தில் புஸ்ரிஷ்-தகான் என்று ஓர் இடம். மாடும் ஆடும் வந்து சேர்ந்து, பிரித்து அனுப்பப்படும் கால்நடைக் கிடங்கு. அங்கே கிடைத்த களிமண் பலகைகள் பெரும்பாலும் உள்ளங்கைக்குள் அடங்குபவை. எந்த நாளில் யாரிடமிருந்து எத்தனை ஆடு வந்தது, யார் வாங்கிக்கொண்டார் என்பதோடு தேதி. செத்த ஆட்டுக்கும் தனிக் கணக்கு. எப்போதாவது ஒரு கரடிகூட வரவு வைக்கப்பட்டிருக்கிறது. மாகாணங்கள் தங்கள் வரியைச் செலுத்தியது 'பாலா' என்ற ஏற்பாட்டில். பாலா என்றால் முறை. நம் கோயில்களில் 'இந்த மாசம் யார் முறை' என்று கேட்பார்களே, அதே பொருள்தான். இந்த மாதம் இந்த மாகாணத்தின் முறை, அடுத்த மாதம் அடுத்தவர் முறை.

ஆள் கணக்கு இன்னும் கடுமை. வாய்க்கால் வெட்டும் ஆள் ஒரு நாளைக்கு ஏறக்குறைய மூன்று கனமீட்டர் மண் தோண்ட வேண்டும் என்பது கணக்கில் போட்ட அளவு. ஆணுக்கு மாதம் 60 சிலா வாற்கோதுமை, பெண்ணுக்கு 30. சிலா என்பது சுமாராக ஒரு லிட்டர். உம்மா நகரத்து மேஸ்திரிகளின் ஆண்டுக் கணக்கைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். அவன் கீழே இத்தனை ஆள், ஆகவே இத்தனை ஆள்-நாள் அவன் அரசுக்குக் கடன். வேலை நடந்ததைக் காட்டிக் கழிக்க வேண்டும். கழிக்க முடியாத மிச்சம் அடுத்த ஆண்டுக் கணக்கின் முதல் வரியில் வந்து உட்கார்ந்துகொள்ளும். மேஸ்திரி செத்தால் பாக்கி அவன் குடும்பத்தின் தலையில். எங்கள் அலுவலகத்தில் தணிக்கை ஆட்சேபணை ஒன்று மூன்று அதிகாரிகளைத் தாண்டி நான்காமவர் ஓய்வூதியத்தில் கை வைத்த கதை எனக்குத் தெரியும். அப்போது இந்த உம்மா மேஸ்திரிதான் ஞாபகத்துக்கு வந்தார்.

இப்போது வீழ்ச்சி. உப்புக் கதையில் உண்மை இல்லாமல் இல்லை. தெற்கு மெசொப்பொத்தேமியாவில் பாசன நீர் ஆவியாகி உப்பு மேலே ஏறும், கோதுமை வாடும், வாற்கோதுமை தாங்கும். 1958-இல் யாக்கப்சன், ஆடம்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் இதை முன்வைத்தார்கள். பின்னால் வந்தவர்கள் ஆதாரம் அவ்வளவு கனமில்லை என்று மறுத்தார்கள். எனக்கு அதில் உள்ள சிக்கல் வேறு. உப்பு தலைமுறைக் கணக்கில் ஏறுவது. இந்த அரசோ ஏழெட்டு ஆண்டுகளில் கழன்று போனது.

நாடோடிகளும் அப்படித்தான். மேற்கிலிருந்து வந்த அமோரியர் என்ற நாடோடிகளைத் தடுக்க அந்த வம்சத்து அரசர் ஷூ-சின் தன் 4-ஆம் ஆண்டில் ஒரு மதில் கட்டினார். 'திட்னும்காரர்களை அண்டவிடாதது' என்பது மதிலின் பெயர். திட்னும் என்பது அமோரியரில் ஒரு கூட்டம். ஆனால் அதே அமோரியர்கள் புஸ்ரிஷ்-தகான் பலகைகளில் அரசிடம் ஆடு வாங்கிக்கொண்டு போகிறவர்களாகவும் வருகிறார்கள். மதிலுக்கு வெளியே எதிரி, உள்ளே சம்பளக்காரன்.

என்ன நடந்தது என்று பார்க்க நான் போர்களைத் தேடுவதில்லை, தேதியைத்தான் பார்ப்பேன். அங்கே ஆண்டுக்கு எண் கிடையாது, பெயர்தான். 'மதில் கட்டிய ஆண்டு' என்பது போல. அந்தப் பெயரைத் தலைநகரம் சொல்லும், எல்லா நகரத்து எழுத்தர்களும் அதையே பலகையில் எழுதுவார்கள். கடைசி அரசர் இப்பி-சின் பட்டத்துக்கு வந்த 2-ஆம் ஆண்டோடு எஷ்னுன்னா நகரத்தில் அவருடைய ஆண்டுப் பெயர் நின்றுபோகிறது. 3-ஆம் ஆண்டோடு சூசாவில். அப்புறம் லகாஷ், உம்மா. எட்டாம் ஆண்டு முடிவதற்குள் நிப்பூரிலும் இல்லை. அந்த இடங்களில் எழுதுவது நிற்கவேண்டும் என்பதில்லை. எஷ்னுன்னாவில் உள்ளூர் ஆட்சியாளர்கள் தாங்களே ஆண்டுக்குப் பெயர் வைக்கத் தொடங்கிவிட்டார்கள். மாகாணங்கள் எதிர்த்து நின்றதைவிட, பதில் போடுவதை நிறுத்திவிட்டன என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. முறை வந்தது, ஆடு வரவில்லை. தலைநகரம் தன் வயிற்றுக்கே மாகாணங்களை நம்பி இருந்தது. ஏழெட்டாம் ஆண்டில் ஊர் நகரத்தில் தானிய விலை சுமார் 60 மடங்கு ஏறியது.

இதற்கு நடுவில்தான் இப்பி-சினின் அதிகாரி இஷ்பி-எர்ரா வருகிறார். அரசர் இவரிடம் 20 தாலந்து (ஒரு தாலந்து 3,600 ஷெக்கல்) வெள்ளியைக் கொடுத்துத் தானியம் வாங்க அனுப்புகிறார். அவர் எழுதிய பதில்: ஒரு குர்ருக்கு ஒரு ஷெக்கல் வீதம் 72,000 குர் வாங்கிவிட்டேன், அமோரியர்கள் நாட்டுக்குள் புகுந்துவிட்டதால் எல்லாவற்றையும் ஈசின் நகரத்துக்குள் வைத்திருக்கிறேன், ஏற்றிவர ஒவ்வொன்றும் 120 குர் கொள்ளும் 600 படகுகளை அனுப்புங்கள். கூடவே, ஈசினையும் நிப்பூரையும் காக்கும் பொறுப்பை என்னிடமே விடுங்கள். குர் என்றால் 300 சிலா. மாதம் 60 சிலா வீதம் 30,000 ஆண்களுக்கு ஓராண்டுப் படி அது. அரசரிடம் படகு இல்லை. நீ ஷெக்கலுக்கு இரண்டு குர் வாங்கிவிட்டு என்னிடம் ஒரு குர் கணக்குக் காட்டுகிறாய் என்று பதில் எழுதினார். நாடு கைவிட்டுப் போகிற நேரத்திலும் விலைப்பட்டியலைச் சரிபார்க்கிற மனிதர்! கசல்லு நகரத்து ஆளுநருக்கு எழுதிய இன்னொரு கடிதத்தில் இஷ்பி-எர்ராவை மலையிலிருந்து இறங்கிய குரங்கு என்று திட்டித் தீர்த்தார். குரங்கு ஈசினில் தனி வம்சமே தொடங்கிவிட்டது.

அதன் பிறகும் இப்பி-சின் ஒற்றை நகரத்தை வைத்துக்கொண்டு பத்துப் பதினைந்து ஆண்டுகள் தள்ளினார். கி.மு. 2004-இல் கிழக்கே இன்றைய ஈரான் பக்கத்து ஏலாமியர் வந்து ஊர் நகரத்தைச் சூறையாடி அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பாடப்புத்தகத்தில் நீங்கள் படித்த 'படையெடுப்பு' இதுதான். வீடு காலியான பிறகு கதவை உடைத்தவர்கள் அவர்கள்.

இவ்வளவு ஒழுங்காக ஆண்டும் ஏன் விழுந்தது என்று கேட்டீர்கள். ஒழுங்கு எங்கே இருந்தது என்று நான் திருப்பிக் கேட்பேன். உம்மா மேஸ்திரிக்கு அது கடன். அரசரின் ஆண்டுப் பெயர் பலகையில் இல்லாமல் போன ஆண்டு அவனுக்கு நல்ல ஆண்டாகக்கூட இருந்திருக்கலாம், அது ஊகம்தான். அவர்கள் மொழியான சுமேரியத்தின் எழுத்தும் கோயிலும் வாய்க்காலும் அப்படியே தொடர்ந்தன என்பது ஊகமில்லை. பேச்சு வழக்கிலிருந்து சுமேரியம் மறைந்த பிறகும் எழுத்தர்கள் அதை இரண்டாயிரம் ஆண்டு எழுதிக்கொண்டிருந்தார்கள்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. பலகைத் தேதிகள் அன்றன்றைக்கு எழுதியவை, அவற்றை நம்பலாம். இஷ்பி-எர்ரா கடிதங்கள் அப்படியல்ல. இருநூறு ஆண்டுக்கும் மேல் கழித்து நிப்பூர் போன்ற இடங்களில் மாணவர்கள் பயிற்சிக்காகப் படியெடுத்தவைதான் நம் கைக்கு வந்திருக்கின்றன. அசல் கடிதமா, வாத்தியார்கள் கட்டியதா என்று அறிஞர்களுக்குள் சண்டை ஓயவில்லை. 20 தாலந்து என்றால் சரியாக 72,000 ஷெக்கல். 600 படகை 120-ஆல் பெருக்கினாலும் சரியாக 72,000. வழியில் சிந்தியது, எலி தின்றது என்று ஒரு குர்கூடக் குறையவில்லை. இத்தனை ஆண்டு கணக்குப் பார்த்த எனக்கு, இது வாத்தியார் போட்ட கணக்காகத்தான் தெரிகிறது.